முழு நிதியுதவி என்றால் எதுவரை முழு? மூத்த அருங்காட்சியகப் பணியாளர்களுக்கான பயிற்சி பற்றி

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் தில்லியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் அருங்காட்சியகத்தில் 17 ஆண்டுகளாக இருக்கிறார். வயது 46, மூத்த காப்பாட்சியர், இயக்குநர் ஊரில் இல்லாதபோது பொறுப்பும் இவர் தலையில்தான். ஒரு காதில் கேட்கும் கருவி. வீட்டில் வயதான அம்மா. "இந்த வயதில் யார் செலவை ஏற்றுப் பயிற்சி கொடுப்பார்கள்? 'அனைவரையும் உள்ளடக்கியது' என்று எல்லா அறிவிப்பிலும் போடுகிறார்கள், நம்பலாமா? அரசு அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கும் என் தோழிக்கும் இதே வழிதானா?" என்று கேட்கிறார்.

கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 28 வயதில் தேடிய மாதிரி 46-இல் தேடினால் கிடைக்காது. இளையவர்களுக்கான உதவித்தொகை ஓர் ஆளை நம்பிக் கொடுப்பது. மூத்தவர்களுக்கானது அந்த ஆள் மூலமாக ஒரு நிறுவனத்தில் எதையாவது நகர்த்தலாம் என்று நம்பிக் கொடுப்பது. விண்ணப்பத்தில் பாதிப் பேர் தவறுவது இந்த இடத்தில்தான்.

தில்லி தேசிய அருங்காட்சியகத்தின் கதையிலேயே இதைப் பார்க்கலாம். 1949 ஆகஸ்ட் 15 அன்று ராஷ்டிரபதி பவனில் அதைத் திறந்துவைத்தவர் ராஜாஜி. 1960-இல் ஜன்பத்தில் இப்போதுள்ள கட்டடத்துக்கு வந்தபோது இயக்குநராக அழைக்கப்பட்டவர் கிரேஸ் மார்லி. சான்பிரான்சிஸ்கோவில் ஒரு கலை அருங்காட்சியகத்தை 1935-இல் முதல் இயக்குநராக இருந்து கட்டி எழுப்பிய அமெரிக்கர். ஆட்களைப் பழக்குவது, கண்காட்சியை அடுக்குவது, பணம் திரட்டுவது இதெல்லாம் அவர் கை. பின்னாளில் அதே நாற்காலிக்கு வந்தவர் எழும்பூர் அருங்காட்சியகத்தில் வளர்ந்த சி. சிவராமமூர்த்தி. படிமக்கலை, கல்வெட்டு, வடமொழி என்று ஆழ்ந்த புலமை. நம் ஊரில் காப்பாட்சியர்களுக்குப் பயிற்சி என்றால் இரண்டாவது வகையைத்தான் கொடுக்கிறோம். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வகை வேலையைத்தான் கேட்கிறோம். தலைமைப் பயிற்சி நடத்துபவர்கள் நிரப்ப நினைப்பது இந்த இடைவெளியை. ஆகவே உங்கள் விண்ணப்பம் உங்கள் ஆய்வுக் கட்டுரைப் பட்டியலாக இருந்தால் மரியாதையாகப் படித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள்.

எங்கே தேடுவது? பிரிட்டிஷ் மியூசியம் 2006 முதல் நடத்திவரும் சர்வதேசப் பயிற்சித் திட்டத்துக்கு இந்தியாவிலிருந்து தொடர்ந்து ஆட்கள் போயிருக்கிறார்கள். லண்டனில் சில நாள், பிறகு பிரிட்டனின் இன்னொரு ஊரிலுள்ள அருங்காட்சியகத்தில் சில நாள் என்பது அதன் பழைய வடிவம். வடிவமும் கால அளவும் மாறும், அந்தந்த ஆண்டு அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும். ஐகாம் என்ற சர்வதேச அருங்காட்சியகக் கூட்டமைப்பு, பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தோடு சேர்ந்து 2013 முதல் ஒரு பயிற்சி மையம் நடத்துகிறது. அங்கே சில நாள் பட்டறைகள்தான், வீட்டை நெடுநாள் விட்டுப் போக முடியாதவர்களுக்கு அது பொருந்தும். ரோமில் உள்ள இக்ரோம், பண்பாட்டுச் சொத்துகளைப் பாதுகாப்பதற்கான சர்வதேச அமைப்பு, சேமிப்பறை, பேரிடர், பாதுகாப்பு போன்றவற்றில் உலகத்தரப் பயிற்சி தருகிறது. ஆனால் சில பயிற்சிகளுக்குக் கட்டணம் உண்டு, உதவித்தொகை எண்ணி எண்ணித்தான். கலிஃபோர்னியாவில் 1979-இல் மியூசியம் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட் என்று தொடங்கிப் பின்னர் கெட்டி அறக்கட்டளையின் பெயரில் வளர்ந்த பயிற்சி, இயக்குநர் மட்டத்தில் இருப்பவர்களுக்கானது. கட்டணம் கட்டு, முடியாவிட்டால் உதவித்தொகை கேள் என்ற முறையில்தான் நெடுங்காலம் நடந்தது.

தில்லியிலேயே விசாரிக்க வேண்டிய இடம் நேரு டிரஸ்ட். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் இந்தியச் சேகரிப்புகளை ஒட்டி அமைந்த அறக்கட்டளை. வெளிநாட்டுப் பயணம் மட்டுமல்லாமல் உள்நாட்டில் சிறு ஆய்வு நல்கைகளும் கொடுத்துவந்திருக்கிறது. 1981-இல் உருவான சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்டும் உண்டு, ஆனால் அதன் சில நல்கைகளுக்கு வயது வரம்பு இருக்கிறது. அறிவிப்பைத் திறந்ததும் வயது வரியை முதலில் படியுங்கள். பதினைந்து பக்கம் படித்து, பரிந்துரைக் கடிதம் கேட்டு, கடைசியில் 'விண்ணப்பிக்கும் நாளில் வயது' என்ற வரியில் முட்டிக்கொள்வது வாடிக்கை. அமெரிக்கத் தூதரகத்தின் சர்வதேசப் பார்வையாளர் தலைமைத் திட்டம் பற்றியும் பலர் கேட்பார்கள். அதற்கு விண்ணப்பமே கிடையாது, தூதரகம்தான் ஆளைத் தேர்ந்து அழைக்கும். "நான் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இனி, 'முழு நிதியுதவி' என்ற சொல். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ரோமில் மூன்று வாரப் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். அறிவிப்பில் பயிற்சிக் கட்டணம் இல்லை, தங்குமிடம் உண்டு, விமானக் கட்டணம் உண்டு. முழுதுதானே? இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ, அதன்மேல் விசா மையத்தின் சேவைக் கட்டணம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு இல்லாமல் அந்த விசா கிடையாது. மதியச் சாப்பாடு கொடுப்பார்கள், இரவு உங்கள் பாடு. போன் சிம், உள்ளூர்ப் பேருந்து, குளிர்காலம் என்றால் ஒரு நல்ல கோட்டு. இதெல்லாம் சின்னச் செலவு என்று தள்ளலாம். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதை எங்கே தள்ளுவது? நாளுக்கு 1,000 ரூபாய் என்று வைத்தாலே, போக வர நாள்களையும் சேர்த்து 23 நாளுக்கு 23,000 ரூபாய். ஆண்கள் நிரப்பும் பட்ஜெட் தாளில் இந்த வரி பெரும்பாலும் இருக்காது, வீட்டில் இன்னொருவர் சம்பளமில்லாமல் அந்த வேலையைச் செய்துவிடுவதால்.

தொகை எவ்வளவு என்பதைவிட எப்போது கையில் வருகிறது என்பது பெரிய விஷயம். 'செலவு திரும்பத் தரப்படும்' என்றால் டிக்கெட்டை நீங்கள் போட்டுவிட்டு, பில்லை அனுப்பிவிட்டு, இரண்டு மாதம் காத்திருக்க வேண்டியிருக்கலாம். நிரந்தர வேலையில் இருப்பவர் கிரெடிட் கார்டில் சமாளிப்பார். நம் அருங்காட்சியகங்களில் ஒப்பந்தத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓட்டுபவர்கள், அனுபவத்தில் யாருக்கும் குறையாதவர்கள், இந்த ஒரு வரியில் வெளியே நின்றுவிடுகிறார்கள். ஆகவே ஒரு திட்டம் உண்மையிலேயே எல்லோருக்குமானதா என்று பார்க்க நான் சொல்வது: அழகான முன்னுரையை விட்டுவிட்டு நிதிப் பகுதிக்குப் போங்கள். டிக்கெட்டை அவர்களே எடுக்கிறார்களா? தினப்படியை வந்திறங்கிய அன்றே கொடுக்கிறார்களா? விசாவுக்கும் காப்பீட்டுக்கும் பணம் உண்டா? உதவியாளர், பராமரிப்பு, மொழிபெயர்ப்பு போன்றவற்றுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறதா, அது உதவித்தொகைக்குள்ளிருந்து கழிகிறதா? கடைசிக் கேள்விதான் உரைகல். உள்ளிருந்து கழிந்தால், கேட்கும் கருவி போட்டவர் அதே பயிற்சிக்கு மற்றவரைவிடக் குறைந்த உதவித்தொகை பெறுகிறார் என்று அர்த்தம்.

அடுத்து, கடந்த மூன்று ஆண்டுகளில் போனவர்களின் பட்டியலைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் வெளியிட்டிருப்பார்கள். இந்தியாவிலிருந்து போன எல்லோரும் தில்லி, மும்பை, கொல்கத்தாவின் பெரிய நிறுவனங்களிலிருந்துதானா? மாவட்ட அருங்காட்சியகம், பழங்குடி அருங்காட்சியகம், பல்கலைக்கழகச் சேகரிப்பு ஒன்றாவது உண்டா? ஐகாம் 2022 ஆகஸ்ட் 24 அன்று பிராகாவில் 92.41 சதவீத ஆதரவோடு ஏற்றுக்கொண்ட புதிய வரையறையிலேயே, அருங்காட்சியகம் எல்லோரும் அணுகக்கூடியதாகவும் உள்ளடக்கியதாகவும் இருக்க வேண்டும் என்று எழுதியாகிவிட்டது. அதற்குப் பிறகு எல்லா அறிவிப்பிலும் அந்தச் சொல் ஏறிக்கொண்டது. சொல்லை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள், பட்டியலை வைத்துத் தீர்மானியுங்கள்.

உங்கள் காது விஷயம். "எனக்குக் கேட்பதில் சிறிது சிரமம், உதவ முடிந்தால் நன்று" என்று எழுதினால், "கண்டிப்பாக, முன்வரிசையில் இடம் ஒதுக்குகிறோம்" என்று பதில் வரும். முன்வரிசையால் ஒரு பயனும் இல்லை. பயிற்சியில் பாதி நேரம் காட்சிக்கூடங்களில் நடந்துகொண்டே பேசுவார்கள், கல் தரை, உயரக் கூரை, எதிரொலி. கேட்பதைப் பொருளாகக் கேளுங்கள்: பேசுபவர் சட்டையில் மாட்டும் ரிமோட் மைக், அதன் ஒலி நேராக உங்கள் கருவிக்கு வர வேண்டும். உரைகளுக்கு நேரடி எழுத்துவடிவம். படவில்லைகள் இரண்டு நாள் முன்னதாக. நடைக்குழுவில் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். ஐந்தாவதாக ஒன்று, யாரும் கேட்க நினைக்காதது: தங்கும் அறையில் விளக்கு மின்னும் அல்லது தலையணைக்கு அடியில் அதிரும் தீ எச்சரிக்கை. இரவில் கருவியைக் கழற்றிவிட்டுத்தானே தூங்குவீர்கள்?

பிரிட்டன் போவதாக இருந்தால், புறப்படும் முன் உங்கள் ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணர்) கருவியில் டெலிகாயில் என்ற சிறு கம்பிச்சுருள் இருக்கிறதா, இருந்தால் அதை இயக்கிவிட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே பல அருங்காட்சியக அரங்குகளிலும் டிக்கெட் கவுண்டரிலும் காது படமும் 'டி' எழுத்தும் போட்ட பலகை இருக்கும். அங்கே தூண்டல் வளையம் உண்டு என்று அர்த்தம், மைக்கின் ஒலியை நேராக டெலிகாயிலுக்கு அனுப்பும் கம்பி அது. இயக்காத டெலிகாயிலை வைத்துக்கொண்டு அதன் கீழே நின்றால் பலகையைப் பார்க்கலாம், அவ்வளவுதான். 312 அளவு பேட்டரி என்றால் ஏறக்குறைய வாரத்துக்கு ஒன்று தீரும், ஓர் அட்டையைக் கூடுதலாக எடுத்துப்போங்கள். சார்ஜ் ஏற்றும் வகை என்றால் அந்த நாட்டு பிளக் வேறு. சைகை மொழியை நம்பியிருக்கும் நண்பர்களுக்கும் ஒரு சொல்: பிரிட்டிஷ் சைகை மொழி வேறு, அமெரிக்கச் சைகை மொழி வேறு, இந்தியச் சைகை மொழி வேறு. 'சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும்' என்று மட்டும் எழுதினால் புரியாத மொழியில் ஒருவர் வந்து நிற்பார்.

இதை எப்போது சொல்வது? படிவத்தில் தேர்வுக்குழு பார்க்காத தனிப் பகுதி இருந்தால் அங்கேயே நிரப்புங்கள். இல்லாவிட்டால் தேர்வுக் கடிதம் வந்த வாரத்துக்குள் தனி மின்னஞ்சல். அதற்கு மேல் தள்ளினால் பட்ஜெட் மூடிவிடும். கெஞ்சும் தொனி வேண்டாம். பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், இங்கே 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரண்டுமே நியாயமான ஏற்பாட்டைச் சலுகையாகப் பார்ப்பதில்லை.

விண்ணப்பத்துக்கு வருவோம். வழக்கமாக எழுதுவது இப்படி இருக்கும்: 'கடந்த 17 ஆண்டுகளில் 11 கண்காட்சிகள் அமைத்துள்ளேன், 6 கட்டுரைகள் எழுதியுள்ளேன், உலகத்தர நடைமுறைகளைக் கற்று எங்கள் நிறுவனத்துக்குப் பயன்படுத்த விரும்புகிறேன்.' இதில் பொய் ஒன்றும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. அதே ஆள் இப்படி எழுதினால்: 'எங்கள் சேமிப்பறையில் 4,000 பொருள்கள். பதிவேட்டிலிருந்து 40 எண்களைக் குலுக்கி எடுத்துத் தேடினோம். 17 மட்டுமே மூன்று நிமிடத்துக்குள் கிடைத்தன. புதிய அலமாரிக்கு அறங்காவலர் குழு இருமுறை மறுத்தது, பார்வையாளர் கண்ணில் படாத செலவு என்பது காரணம். இந்தக் குழுவை எப்படிச் சம்மதிக்க வைப்பது, இருக்கும் நான்கு ஆட்களை வைத்துக் கட்டம் கட்டமாக எப்படிச் செய்வது, இந்த இரண்டுக்கும் விடை தேடி வருகிறேன்.' எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்களுடையதைப் போடுங்கள்.

அந்த மூன்று நிமிடம் நான் இட்டுக்கட்டியது அல்ல. இக்ரோமும் யுனெஸ்கோவும் சேர்ந்து உருவாக்கிய ரீ-ஆர்க் என்ற சேமிப்பறைச் சீரமைப்பு முறையில் பத்து அளவுகோல்கள் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் குறிக்கப்பட்டு மூன்று நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க முடிய வேண்டும் என்பது அதில் ஒன்று. வேறு இரண்டு பொருளுக்கு மேல் நகர்த்தாமல் எதையும் எடுக்க முடிய வேண்டும் என்பது இன்னொன்று. காசே செலவில்லாமல் ஒரு மத்தியானத்தில் சோதித்துப் பார்த்துவிடலாம். கிடைக்கும் எண் எவ்வளவு மோசமாக இருந்தாலும் எழுதுங்கள். தேர்வுக்குழுவில் இருப்பவர்களும் சேமிப்பறை வைத்திருப்பவர்கள்தான், அவர்கள் அறை ஒன்றும் பளிங்கு மாதிரி இருக்காது.

எல்லோரையும் உள்ளடக்குவது பற்றியும் ஒரு பத்தி எழுதச் சொல்வார்கள். 'மாற்றுத்திறனாளிகளை வரவேற்கிறோம்' என்பது பத்தி ஆகாது. ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்தில் 2015-இல் திறந்த 'அனுபவ்' தொடுகூடத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். சேகரிப்பிலுள்ள பொருள்களின் நகல்களை விரலால் தடவிப் பார்க்கலாம். பிறகு உங்கள் கூடத்துக்கு வந்து, சக்கர நாற்காலியில் ஒருவர் வாசலிலிருந்து முதல் காட்சிப்பேழை வரை வர எத்தனை இடத்தில் தடங்கல் என்று எண்ணுங்கள். சாய்தளத்துக்குப் பொதுவான அளவு 1-க்கு 12, அதாவது ஓர் அடி ஏற 12 அடி நீளம். பழைய பங்களாவில் இருக்கும் பல அருங்காட்சியகங்களில் இருப்பது 1-க்கு 6 அல்லது 7, பெயருக்குப் பூசிய சிமென்ட் சரிவு. டேப் வைத்து அளந்து அந்த எண்ணைப் போடுங்கள்.

அடுத்து நிறுவனக் கடிதம். 'இவர் கலந்துகொள்வதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்ற ஒற்றை வரி, தேர்வுக்குழு காதில் 'எங்களுக்கு அக்கறையும் இல்லை' என்றே விழும். இயக்குநரையோ செயலாளரையோ உட்காரவைத்து மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: பயிற்சி நாள்கள் பணி நாள்களாகவே கருதப்படும், சம்பளம் நிற்காது. அந்த நாள்களில் உங்கள் வேலையை இன்னார் பார்ப்பார், பதவிப் பெயரோடு. திரும்பி வந்து ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட ஒரு வேலைக்கு இவ்வளவு தொகையும் இத்தனை ஆளும் ஒதுக்குவோம். மூன்றாவதற்குத் தயங்குவார்கள். தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு தொகை இருக்கட்டும். வரைவை நீங்களே எழுதிக் கொடுங்கள். "நீங்களே எழுதிக் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்" என்பதுதான் எப்படியும் வரப்போகும் பதில்.

இப்போது தோழி. அவர் வழி வேறு, இதை அவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன் 6-ஆவது பிரிவின்படி, அரசு ஊழியரோ, அரசுக்குச் சொந்தமான அல்லது அரசின் கட்டுப்பாட்டிலுள்ள அமைப்பின் ஊழியரோ வெளிநாட்டு உபசரிப்பை ஏற்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். உபசரிப்பு என்றால் விருந்து மட்டுமல்ல. வெளிநாட்டு மூலம் ஒன்று கொடுக்கும் பயணச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து, மருத்துவம் எல்லாம் அதில் அடக்கம். முழு நிதியுதவி என்பது அப்படியே இதுதான்! எஃப்.சி.-2 படிவம், உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் இணையவழி விண்ணப்பம், அழைப்புக் கடிதத்தோடு துறையின் நிர்வாக ஒப்புதலும் சேர்த்து. புறப்படுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பாவது விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ஐ.நா. அமைப்புகளும் அரசு அறிவித்த வேறு சில சர்வதேச அமைப்புகளும் 'வெளிநாட்டு மூலம்' என்ற வரையறைக்குள் வராது. அழைப்பவர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

இரண்டு வாரம் என்று விதியில் இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. கோப்பு அருங்காட்சியகத்திலிருந்து துறைக்கு, துறையிலிருந்து அமைச்சகத்துக்கு, அங்கே கண்காணிப்புப் பிரிவின் சான்று, நிதிப் பிரிவின் குறிப்பு என்று ஒவ்வொரு மேசையாக நகரும். நடுவில் ஒருவர் விடுப்பில் போவார். ஆகவே தேர்வுக் கடிதம் வரும்வரை காத்திருக்காமல், விண்ணப்பிக்கும்போதே 'உரிய வழியில்' மேலிடத்துக்கு ஒரு நகலை அனுப்பிக் கோப்பைத் திறந்து வைத்துவிடுவது நல்லது. செலவு அரசுக்கு இல்லை என்ற வாக்கியம் முதல் பத்தியிலேயே இருக்கட்டும், அதைத் தேடித்தான் படிப்பார்கள். அரசு மானியத்தில் ஓடும் தன்னாட்சி நிறுவனங்களில் இருப்பவர்கள் "நாங்கள் அரசு ஊழியர் இல்லையே" என்று இருந்துவிடுகிறார்கள். 'கட்டுப்பாட்டிலுள்ள' என்ற சொல் அவர்களுக்காகத்தான் இருக்கிறது. உங்கள் அறக்கட்டளையின் குழுவில் அரசு நியமிக்கும் உறுப்பினர்கள் பெரும்பான்மை என்றால் நீங்களும் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.

சில வாரப் பயிற்சிக்குப் பணிக்காலமாகவே அனுமதி கேட்பதுதான் சரி. மாதக்கணக்கில் என்றால் மத்திய அரசு ஊழியர்களுக்குக் கல்வி விடுப்பு உண்டு: ஐந்து ஆண்டு பணி முடிந்திருக்க வேண்டும், மொத்தப் பணிக்காலத்தில் பொதுவாக 24 மாதம் வரை. திரும்பிவந்து மூன்று ஆண்டுக்குள் ஓய்வு பெறுபவர்களுக்குக் கிடைக்காது. அனுபவம் கூடக் கூடக் கதவு சாத்திக்கொள்ளும் விசித்திரம் இது. தோழிக்கு 55 நெருங்குகிறது என்றால் நீண்ட பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம்.

வெளிநாடே வேண்டாம் என்ற நிலை இருந்தால்? கலாசார அமைச்சகத்தின் அருங்காட்சியகத் திட்டங்களில் பணியாளர் பயிற்சிக்கும் இடமிருக்கிறது. நொய்டாவில் உள்ள இந்தியப் பாரம்பரிய நிறுவனம், பழைய தேசிய அருங்காட்சியக நிறுவனம்தான், மெட்ரோவிலேயே போகும் தூரம். பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 1993 முதல் இருக்கிறது. ஆவணக் காப்பகங்கள், அருங்காட்சியகங்களில் உள்ள சேகரிப்பை வைத்து வேலை செய்யவும் நல்கை கொடுத்திருக்கிறது. மும்பையின் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயம் 2017-இல் பிரிட்டிஷ் மியூசியத்தோடும் தில்லி தேசிய அருங்காட்சியகத்தோடும் சேர்ந்து நடத்திய 'இந்தியாவும் உலகமும்' கண்காட்சி, 2023 டிசம்பரில் திறந்த பழங்காலச் சிற்பக் காட்சி போன்றவற்றைப் பார்த்தால், கூட்டு வேலை என்பதே ஒரு பயிற்சி என்பது புரியும். பொருள்களைக் கடன் வாங்கும் ஒப்பந்தம், காப்பீடு, பொருளோடு கூடவே பயணிக்கும் கூரியர் பணி என்று வகுப்பறையில் சொல்லித்தர முடியாதது அங்கே இருக்கிறது. இரண்டு வாரம் போய்க் கூடவே இருந்து பார்க்க அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினால் செலவு ரயில் டிக்கெட்டும் தங்குமிடமும்தான்.

உங்கள் அறக்கட்டளையே தில்லியில் எட்டுப் பத்துப் பேருக்கு ஐந்து நாள் பயிற்சி நடத்தும் எண்ணமிருந்தால் பணம் எந்தக் குழாய் வழியாக வருகிறது என்பதில் கவனம். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி என்றால், 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் தேசியப் பாரம்பரியம், கலை, பண்பாட்டைக் காப்பது ஓர் இனமாக இருக்கிறது. முன்மொழிவை அந்தச் சொற்களில் எழுத வேண்டும். அறக்கட்டளைக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவும், சமூகப் பொறுப்பு நிதி பெறுவதற்கான சி.எஸ்.ஆர்.-1 எண்ணும் இல்லாவிட்டால் பேச்சே எடுக்க மாட்டார்கள். வெளிநாட்டுப் பணம் என்றால் மேலே சொன்ன வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவும் தில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கான கணக்கும் வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றவே கூடாது. 'பணம் எங்களுக்கு வரட்டும், மூன்று சின்ன அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம்' என்ற நல்லெண்ணத் திட்டங்கள் தடுக்கி விழுவது இங்கேதான். டிக்கெட்டையும் தங்குமிடத்தையும் நீங்களே நேரடியாக ஏற்பாடு செய்து, விற்பவருக்கு நீங்களே பணம் கட்டுங்கள். பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கையாவது பராமரிப்பு, உதவியாளர், மொழிபெயர்ப்பு என்று தனி வரியாகப் போட்டு வைக்கச் சொல்வேன். யாரும் கேட்காவிட்டால் மிஞ்சும், ஆனால் வரி இருப்பது தெரிந்தால் கேட்பார்கள். விண்ணப்பத்தை இந்தியிலும் தமிழிலும் குரல் பதிவாகவும் வாங்கலாம். நல்ல தலைவர்கள் எல்லோரும் நல்ல ஆங்கிலக் கட்டுரை எழுதுவார்கள் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

கடைசியாகக் காலக் கணக்கு, உங்களுக்கு மட்டும். பயிற்சி ஜூலையில் என்றால் அறிவிப்பு பெரும்பாலும் முந்தைய குளிர்காலத்தில் வரும். பாஸ்போர்ட்டில் பயணம் முடிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் மிச்சமிருக்கிறதா என்று அக்டோபரிலேயே பாருங்கள். நவம்பரில் அந்த 40 பொருள் சோதனை, சாய்தள அளவு. டிசம்பர் அறங்காவலர் கூட்டத்துக்கு நிறுவனக் கடிதத்தின் வரைவு போக வேண்டும், அதைத் தவறவிட்டால் அடுத்த கூட்டம் மார்ச்சில்தான் என்று இருக்கும். பரிந்துரை எழுதுபவர்களுக்கு மூன்று வாரம் கொடுங்கள், கூடவே உங்கள் விண்ணப்ப வரைவையும் அனுப்புங்கள், இல்லையென்றால் 'கடின உழைப்பாளி, நல்ல பண்பாளர்' என்று வரும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் கீழே போகக் கூடாது. கோடையில் தில்லி விசா மையங்களில் நாள் கிடைப்பதே பாடு, ஆகவே ஏப்ரலிலேயே ஒரு நாளைப் பிடித்துவிடுங்கள். அம்மாவுக்கு ஆள் பார்ப்பதை ஜூன் வரை விடாதீர்கள். போவதற்கு ஒரு மாதம் முன்பே அவர் வந்து பழகட்டும், அந்த மாதச் சம்பளத்தையும் பட்ஜெட் தாளில் எழுதிக் கேளுங்கள்.